ஏற்காடு ஏற்றத்தில் மட்டும் எரியும் செக் லைட்: மூன்று எரர் கோடு, ஒரே காரணம்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேலம் லீ பஜாரில் மளிகை லோடு ஏற்றி ஏற்காட்டுக்குப் போய்வரும் பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் பிக்கப். வாங்கி 4 வருஷம் ஆகிறது. கீழே ஊருக்குள் ஓட்டும்போது ஒரு தொல்லையும் இல்லை. லோடோடு மலை ஏறினால், பாதி வளைவு தாண்டியதும் செக் லைட் எரிகிறது, இழுவை போய்விடுகிறது, மிச்ச வளைவுகளை இரண்டாவது கியரிலேயே உருட்டிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. ஸ்கேனர் போட்டால் மூன்று எரர் கோடு (code): பி0652, பி0405, பி2454. இஜிஆர் வால்வை, அதாவது புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் வால்வை, மாற்றியாயிற்று. டிபிஎஃப்பை, அதாவது புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டரை, கழற்றிக் கழுவியாயிற்று. 28,000 ரூபாய் போயிற்று. இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு அதே மூன்று கோடும் திரும்ப வந்துவிட்டன. இப்போது ஒருவர் ஈசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போய்விட்டது என்கிறார், இன்னொருவர் டிபிஎஃப்பையே எடுத்துவிடலாம் என்கிறார். என்ன செய்வது?

தம்பி, இரண்டையும் செய்யாதீர்கள். இன்னொரு ரூபாய்க்குப் பொருள் வாங்குவதற்கு முன்னால் இதை முழுக்கப் படித்துவிடுங்கள். 20 வருஷத்துக்கு மேலாகச் சேலத்தில் வண்டி வயரிங் வேலைதான் பார்க்கிறேன். மலை வண்டிகள் நிறைய வரும். உங்கள் வண்டியை நான் கண்ணால் பார்க்கவில்லை; ஆனால் இந்த மூன்று கோடும் சேர்ந்து வருவது எதைச் சொல்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்று பொருள் கெட்டுப்போகவில்லை. ஒரு வயர் எங்கேயோ உரசிக்கொண்டிருக்கிறது, அல்லது ஒரே ஒரு சென்சார் மற்றவற்றையும் சேர்த்து இழுத்துக் கவிழ்க்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். இஜிஆர் வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சார், டிபிஎஃப்புக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தைச் சொல்லும் சென்சார், இந்த மாதிரிச் சென்சார்களுக்கெல்லாம் பொதுவாக மூன்று வயர் போகும். ஒன்று ஈசிஎம் அனுப்பும் 5 வோல்ட். ஒன்று எர்த். மூன்றாவதில்தான் சென்சார் தன் பதிலைத் திருப்பி அனுப்பும், அது பெரும்பாலும் அரை வோல்ட்டிலிருந்து நாலரை வோல்ட்டுக்குள் இருக்கும். ஈசிஎம் ஒவ்வொரு சென்சாருக்கும் தனித்தனியாக 5 வோல்ட் கொடுப்பதில்லை. இரண்டு மூன்று லைன்தான் வைத்திருக்கும். ஒரு லைனிலேயே நாலைந்து சென்சார் தொங்கும். தெருக்குழாய் மெயின் உடைந்தால் அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் தண்ணீர் நிற்கிற மாதிரி, அந்த 5 வோல்ட் ஓர் இடத்தில் பாடியைத் தொட்டுவிட்டால் அந்த லைனில் உள்ள எல்லாச் சென்சாரும் ஒன்றாகச் செத்துவிடும்.

இப்போது உங்கள் கோடுகளைப் பாருங்கள். பி0652 என்றால் இரண்டாவது 5 வோல்ட் லைனின் சர்க்யூட்டில் வோல்டேஜ் குறைந்துவிட்டது. பி0405 என்றால் இஜிஆர் சென்சாரின் சர்க்யூட்டில் வோல்டேஜ் குறைவு. பி2454 என்றால் டிபிஎஃப் அழுத்தச் சென்சாரின் சர்க்யூட்டில் வோல்டேஜ் குறைவு. முதல் கோடுதான் தாய், மற்ற இரண்டும் பிள்ளைகள். தாயை விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார்கள்.

இதில் நம் ஆட்கள் நிறையப் பேர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. கோடின் விளக்கத்தில் 'சர்க்யூட்' என்று வந்தால் அது கரண்ட் பிரச்சினை: வயர், கப்ளர் (வயரைச் சென்சாரில் மாட்டும் முனை), சென்சாரின் உள்பக்கம். 'ஃப்ளோ', 'எஃபிஷியன்சி' என்று வந்தால் அது பெரும்பாலும் கரி, அடைப்பு, ஓட்டை. உதாரணமாக, பி0401 வந்திருந்தால் இஜிஆர் வழியாகப் போக வேண்டிய புகை போகவில்லை என்று அர்த்தம். அப்போது வால்வைக் கழற்றிக் கரியைச் சுரண்டியது சரியான வேலை. பி2002 வந்திருந்தால் டிபிஎஃப்பைப் பற்றிக் கவலைப்படலாம். உங்களுக்கு வந்த மூன்றிலுமே 'சர்க்யூட்' என்றுதான் இருக்கிறது. டிபிஎஃப்பை எத்தனை முறை கழுவினாலும் வயரில் 5 வோல்ட் வராது.

அப்புறம், மேலே காற்று அழுத்தம் குறைவு, அதனால்தான் சென்சார் குழம்புகிறது என்று சொல்பவர்களும் உண்டு. அதையும் நம்ப வேண்டாம். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். காற்றழுத்தம் கீழே 980 மில்லிபார் அளவில் இருந்தால் மேலே 850 பக்கம் வந்துவிடும், உண்மைதான். ஆனால் இந்த வண்டிகளின் ஈசிஎம் காற்றழுத்தத்தைத் தானே அளந்து, அதற்கேற்ப டீசலையும் இஜிஆரையும் மாற்றிக்கொள்ளும். காற்று மெலிந்தால் இழுவை கொஞ்சம் குறையலாம், 5 வோல்ட் குறையாது.

பிறகு ஏன் ஏற்றத்தில் மட்டும் வருகிறது? இதற்கு என் கைப்பட்ட ஒரு வண்டியையே சொல்கிறேன்.

ஒரு கார்த்திகை மாதம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த நேரம். நாகலூர் பக்கம் எஸ்டேட்டுக்கு உரமூட்டை ஏற்றிப்போய், திரும்பும்போது காபிக்கொட்டை ஏற்றிவரும் ஒரு பிக்கப் வந்தது. டிரைவர் என்னைவிட மூத்தவர். "ஏறும்போது மட்டுந்தானுங்க தம்பி வருது. இறங்கும்போது எவ்வளவு லோடு இருந்தாலும் கம்முனு வந்துருது" என்றார். அவர் சொன்ன அந்த ஒரு வரி எனக்கு ஸ்கேனரைவிடப் பெரிய உதவி. ஏறும்போதும் இறங்கும்போதும் வண்டியில் என்ன மாறுகிறது என்று யோசித்தேன். சூடு மாறுகிறது. இன்னொன்றும் மாறுகிறது: எஞ்சின் சாய்கிற பக்கம். எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. கீழ் கியரில் லோடை இழுக்கும்போது எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். கியர் எவ்வளவு கீழோ முறுக்கு அவ்வளவு அதிகம். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு எஞ்சின் பிரேக்கில் வரும்போது அதே எஞ்சின் எதிர்ப்பக்கம் சாயும். எஞ்சின் ஆடுகிறது, பாடி ஆடாமல் நிற்கிறது, இரண்டுக்கும் நடுவில் போகிற வயர் கட்டு இழுபடுகிறது.

அந்த வண்டியில் லைவ் டேட்டாவைத் திறந்து வைத்துக்கொண்டு, பையனை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். சாவி மட்டும் ஆன், எஞ்சின் ஆஃப். ஒரு மரக்கட்டையை மவுண்ட் பக்கத்தில் கொடுத்து எஞ்சினை மெதுவாக நெம்பினேன். ஒரு பக்கம் நெம்பினால் ஒன்றுமில்லை. மறுபக்கம் நெம்பியதும் "அண்ணா, போயிடுச்சு" என்று பையன் கத்தினான். இஜிஆர் ரீடிங்கும் டிபிஎஃப் அழுத்த ரீடிங்கும் ஒரே நேரத்தில் விழுந்தன. கட்டையை விட்டதும் இரண்டும் ஒன்றாக எழுந்து வந்தன. மூன்று தடவை செய்தோம், மூன்று தடவையும் அப்படியே.

அப்புறம் தேடுவது சுலபம். எஞ்சினுக்குப் பின்புறம், இஜிஆர் கூலர் பைப்பைப் பிடித்திருக்கும் இரும்பு பிராக்கெட் மேல் வயர் கட்டு போகிறது. அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய பிளாஸ்டிக் கிளிப் உடைந்துபோயிருந்தது. யாரோ முன்பு எதற்கோ கழற்றியபோது உடைந்திருக்கும். பதிலுக்கு ஒரு கேபிள் டை போட்டுப் பிராக்கெட்டோடு சேர்த்தே இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கறுப்பு ஸ்லீவ் அடியில் தேய்ந்து வாய் பிளந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே பத்துப் பன்னிரண்டு வயர், அதில் ஒன்றில் மட்டும் ஓர் அரிசி நீளத்துக்குத் தோல் இல்லை. செம்பு வெளியே தெரிந்தது, மழைத்தண்ணீர் பட்டு ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. நேர் எதிரே பிராக்கெட்டில் பெயின்ட் தேய்ந்து, அதே அரிசி அளவுக்கு இரும்பு பளபளவென்று மின்னியது. எஞ்சின் சும்மா நிற்கும்போது இரண்டுக்கும் நடுவில் ஒரு காகிதம் நுழையும் இடைவெளி இருந்தது. ஏற்றத்தில் முறுக்கிக்கொண்டதும் தொட்டுவிடும். இவ்வளவுதான் விஷயம். அந்த வண்டிக்கும் அதற்கு முன்னால் வேறோர் இடத்தில் இஜிஆர் வால்வு மாற்றியிருந்தார்கள்.

உங்கள் வண்டியில் அதே இடத்தில்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கண்டுபிடிக்கிற வழி அதேதான். அதனால் அந்த வழியைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை, கோடை அழிக்காதீர்கள். ஸ்கேனர் கையில் வந்ததும் கிளியர் பட்டனைத் தட்டுவது நம் ஊரில் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. கோடு விழுந்த நொடியில் வண்டி என்ன நிலையில் இருந்தது என்று ஈசிஎம் ஒரு படம் பிடித்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். வேகம், எஞ்சின் சுற்று, எஞ்சின் இழுக்கும் லோடு, கூலன்ட் சூடு எல்லாம் அதில் இருக்கும். கிளியர் செய்தால் அதுவும் போய்விடும். எழுதி வையுங்கள், அல்லது போனில் படம் எடுத்து வையுங்கள். வேகம் 15, 20 என்று குறைவாகவும் லோடு 90 சதவீதத்துக்கு மேலும் இருந்தால் அது வளைவில் முறுக்கி ஏறிய நேரம். எஞ்சின் சாய்வைச் சந்தேகிக்கலாம். ஸ்டார்ட் செய்த உடனே, எஞ்சின் குளிராக இருக்கும்போதே விழுந்திருந்தால் வேறு கதை; பேட்டரி, ஈரம், எலி என்று யோசிக்க வேண்டும்.

அடுத்து பேட்டரியும் எர்த்தும். இதில் அதிக நேரம் வேண்டாம், ஆனால் விட்டுவிடவும் வேண்டாம். எஞ்சின் ஆஃபில் 12.6 வோல்ட் பக்கம், ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சரி. எர்த்துக்கு, எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட், புளோயர் எல்லாம் போட்டுவிட்டு, மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸிலும் சிவப்பை எஞ்சின் பிளாக்கிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். பாடியிலும் அதே மாதிரி. அரை வோல்ட் காட்டினால் எர்த் பட்டை துரு பிடித்திருக்கிறது, அல்லது லோடு பாடிக்கு பெயின்ட் அடித்தபோது எர்த் போல்ட்டுக்கும் சேர்த்து அடித்துவிட்டார்கள். இன்னொன்று: லோடு பாடிக்குக் கம்பி, கேரியர் என்று வெல்டிங் வைப்பது நம் பக்கம் சாதாரணம். வெல்டிங் வைக்கும்முன் பேட்டரி மைனஸைக் கழற்றி, ஈசிஎம் கப்ளரையும் கழற்றச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் உண்மையிலேயே ஈசிஎம்மை எரித்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது முக்கியமான அளவு. சாவி ஆன், எஞ்சின் ஆஃப். இஜிஆர் வால்வின் கப்ளரைக் கழற்றுங்கள். மீட்டரின் கறுப்பு பேட்டரி மைனஸில், சிவப்பு கப்ளரின் 5 வோல்ட் பின்னில். எந்தப் பின் என்பதை அந்த வண்டியின் வயரிங் படத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், நிறத்தை வைத்து ஊகிக்காதீர்கள். 4.9 முதல் 5.1 வரை காட்டினால் அந்த நேரத்தில் லைன் நன்றாக இருக்கிறது. பூஜ்யமோ ஒன்றோ காட்டினால் லைன் இப்போதே கீழே இழுபட்டுக் கிடக்கிறது, அது உங்கள் அதிர்ஷ்டம். நிலையான கோளாறைப் பிடிப்பது சுலபம். மீட்டரை அப்படியே விட்டுவிட்டு, அதே லைனில் இருக்கும் மற்ற சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் எழுந்து வருகிறதோ அந்தச் சென்சார்தான் உள்ளே ஷார்ட். அதை மட்டும் மாற்றினால் போதும். அந்த லைனில் என்னென்ன இருக்கின்றன என்பதற்கும் வயரிங் படம் வேண்டும். வண்டிக்கு வண்டி மாறும். சில வண்டிகளில் மாசுக்குச் சம்பந்தமே இல்லாத சென்சார்கூட அதே லைனில் இருக்கும். ஏசி பிரஷர் சென்சாரைக் கழற்றியதும் இஜிஆர் கோடு போன வண்டியும் உண்டு.

எல்லாச் சென்சாரையும் கழற்றிய பிறகும் எழவில்லையா? சாவி ஆஃப், பேட்டரி மைனஸைக் கழற்றி, ஈசிஎம் கப்ளரையும் கழற்றுங்கள். அந்த 5 வோல்ட் வயருக்கும் பாடிக்கும் நடுவில் ஓம்ஸ் பாருங்கள். ஒன்றும் காட்டக் கூடாது. ஏதாவது ஓம்ஸ் காட்டினால் வயர் எங்கோ பாடியைத் தொடுகிறது. வயர் சுத்தமாக இருந்து, ஈசிஎம் பின்னிலிருந்தே 5 வோல்ட் வரவில்லை என்றால் மட்டும், அதுவும் ஈசிஎம்முக்கு வரும் கரண்டையும் எர்த்தையும் சரிபார்த்த பிறகு, ஈசிஎம்மைப் பற்றிப் பேசலாம். அந்த இடத்துக்கு வந்து சேரும் வண்டி மிகக் குறைவு. உங்களுக்கு ஈசிஎம் போய்விட்டது என்று சொன்னவர் இந்த அளவுகளில் எதையாவது எடுத்தாரா என்று கேளுங்கள். எடுத்திருந்தால் எண்களைச் சொல்வார்.

உங்கள் வண்டியில் அனேகமாக யார்டில் நிற்கும்போது 5 வோல்ட் சரியாகவே காட்டும், ஏனென்றால் கோளாறு வந்து வந்து போகிறது. அங்கேதான் பொறுமை வேண்டும். சாதா மீட்டர் மெதுவாகத்தான் மாறும். ஒரு கண் சிமிட்டும் நேரத்துக்கு வோல்டேஜ் விழுந்து எழுந்தால் திரையில் தெரியவே தெரியாது. மின்-மேக்ஸ் வசதி உள்ள மீட்டர் இருந்தால் அதைப் போடுங்கள், மிகக் குறைந்த அளவைப் பிடித்து வைத்திருக்கும். இல்லையென்றால் ஸ்கேனரில் இஜிஆர் பொசிஷனையும் டிபிஎஃப் அழுத்தத்தையும் கிராஃபாக ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிராஃபும் ஒரே இடத்தில் விழுந்தால் 5 வோல்ட்டோ எர்த்தோ. ஒன்று மட்டும் விழுந்தால் அந்தச் சென்சாரின் சொந்த வயர். இதை வைத்துக்கொண்டு கையால் வயர் கட்டை ஒவ்வொரு சாணாக ஆட்டிக்கொண்டே போங்கள். எஞ்சினைக் கட்டையால் இரு பக்கமும் நெம்புங்கள். ஸ்பிரே பாட்டிலில் வெறும் தண்ணீர் நிரப்பி, கட்டின் மேல் பகுதி பகுதியாக அடித்துப் பாருங்கள். மலையில் பனிமூட்டத்தில் போகிற வண்டிக்கு இது நல்ல சோதனை. சிலர் எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளட்சை அரைவாசி விட்டு எஞ்சினைச் சாய வைப்பார்கள். அதில் நல்ல பலன் உண்டு, ஆபத்தும் உண்டு. சக்கரத்துக்குக் கல் வைக்காமல், வண்டிக்கு முன்னால் ஆள் நிற்கும்போது அதைச் செய்யவே கூடாது.

டெஸ்ட் லேம்ப்பை 5 வோல்ட் லைனிலோ ஈசிஎம்முக்குப் போகும் எந்த வயரிலோ வைத்துவிடாதீர்கள். இருக்கிற கோளாறு போதாதென்று புதிதாக ஒன்றைச் சம்பாதித்துக்கொள்வீர்கள். மீட்டர் முனையைக் கப்ளரின் பெண் பின்னுக்குள் குத்தித் திணிப்பதும் தப்பு. பின் வாய் அகன்றுவிடும். மீட்டரை எடுத்த பிறகு கப்ளர் மாட்டினாலும் பிடிமானம் இருக்காது. பின்புறமாக மெல்லிய குண்டூசியை வயரை ஒட்டி நுழைத்துப் பாருங்கள். வயரின் தோலைக் குத்திப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்த வண்டிகளில் விட்டுவிடுங்கள். அந்த ஊசி ஓட்டை வழியாக ஐப்பசி மழை உள்ளே போகும், அடுத்த வருஷம் அங்கே செம்பு பொடியாகியிருக்கும்.

ஒரு வயர் உள்ளே அறுந்திருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால் ஓம்ஸை மட்டும் நம்பாதீர்கள். இருபது இழையில் ஒரே ஓர் இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் பூஜ்யம் பக்கம்தான் காட்டும். நான் செய்வது இது: இரண்டு முனையும் கழற்றிய வயரில், அதாவது ஈசிஎம் பக்கமும் சென்சார் பக்கமும் விட்டுவிட்ட வயரில், பேட்டரியிலிருந்து 21 வாட் இண்டிகேட்டர் பல்பை அந்த வயர் வழியாக எரிய வைத்துப் பார்ப்பேன். வழியில் ஒரு சின்ன ஃப்யூஸ் கட்டாயம். பல்பு பளிச்சென்று எரிந்தால் வயர் நல்ல வயர். மங்கினாலோ, வயர் கட்டை ஆட்டும்போது சிமிட்டினாலோ அங்கேதான் கோளாறு. மறுபடியும் சொல்கிறேன், இரண்டு முனையும் கழன்றிருக்க வேண்டும்.

எங்கே தேடுவது என்றால், எஞ்சினிலிருந்து பாடிக்கு வயர் தாவும் இடம், இஜிஆர் பைப் பக்கம், டர்போவுக்கும் சைலன்சருக்கும் அருகில் சூடு படும் இடம், கியர்பாக்ஸ் மேல்புறம், பேட்டரி டிரேக்கு அடிப்புறம். முன்பு யார் எதைக் கழற்றினார்களோ அந்த இடத்தை முதலில் பாருங்கள். உங்கள் வண்டியில் இஜிஆரும் டிபிஎஃப்பும் கழற்றி மாட்டப்பட்டிருக்கின்றன, எந்தக் கிளிப்பாவது திரும்ப மாட்டாமல் விடப்பட்டிருக்கலாம். ராத்திரி மேலே எஸ்டேட் ஷெட்டிலோ, கீழே மளிகைக் கிடங்கு வாசலிலோ நிறுத்துகிறீர்கள் என்றால் எலியையும் மறக்காதீர்கள். எலி கடித்த வயர் உரசிய வயர் மாதிரி இருக்காது. பல் வரிசை தெரியும், பக்கத்தில் புழுக்கை கிடக்கும்.

கண்டுபிடித்த பிறகு சரிசெய்வதில் அவசரப்பட வேண்டாம். வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றி விடுவது வேலை இல்லை. எஞ்சின் சூட்டில் பசை உருகி, இரண்டே மாதத்தில் டேப் நழுவிவிடும். பச்சை பூத்த செம்பை வெட்டி எடுத்துவிட்டு, நல்ல செம்பு தெரியும் வரை தோலை உரித்து, அதே தடிமன் வயரை ஒரு துண்டு இணைத்து, சரியான கிரிம்ப் (அழுத்தி இறுக்கும் இணைப்பு) போட்டு, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை மேலே ஏற்றிச் சூடு காட்டுங்கள். ஈயம் வைப்பது தப்பில்லை, ஆனால் ஈயம் ஊறிய இடம் விறைப்பாகிவிடும்; ஆடுகிற இடத்தில் அந்த விளிம்பில்தான் மறுபடி ஒடியும். அதனால் ஈயம் வைத்தால் இரு பக்கமும் கட்டைப் பிடிக்கக் கிளிப் வேண்டும். கடைசியில் புது ஸ்லீவ், புது கிளிப். பிராக்கெட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி வயர் நிற்க வேண்டும். அந்த நாகலூர் வண்டிக்குச் சாமான் செலவு 200 ரூபாய்கூட ஆகவில்லை. என் கூலிதான் அதைவிட அதிகம்.

இனி அந்த டிபிஎஃப்பை எடுத்துவிடும் யோசனை. இது எனக்கு மனசுக்குக் கஷ்டமான விஷயம், அதனால் நேராகவே சொல்கிறேன். செய்யாதீர்கள். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்6 வந்தது. டீசலில் கந்தகத்தை 50 பிபிஎம்மிலிருந்து 10 ஆகக் குறைத்ததே இந்த ஃபில்டர்களும், புகையைச் சுத்தம் செய்யும் காட்டலிஸ்ட்டும் உயிரோடு இருக்கத்தான். உங்கள் பிக்கப் மாதிரிக் கனமான சின்னச் சரக்கு வண்டிகளுக்கு, டீசல் என்றால், நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு கிலோமீட்டருக்கு 390 மில்லிகிராமிலிருந்து 125 ஆக இறங்கியது. அதெல்லாம் பேப்பரில் உள்ள எண் என்று நினைக்காதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவிலும் முன்னால் போகிற வண்டியின் புகையைப் பின்னால் பைக்கில் குழந்தையை வைத்துக்கொண்டு வருகிறவர்தான் குடிக்கிறார். பனிமூட்ட நேரத்தில் அந்தப் புகை மேலே எழும்பாமல் ரோட்டிலேயே நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சட்டப்படியும் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190(2)-ன் கீழ் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வரலாம். 3 மாதம் லைசென்ஸும் போகும். எஃப்சி காட்டும்போது, வண்டியை விற்கும்போது வரும் தலைவலி தனி. இத்தனையும் எதற்கு? ஓர் அரிசி நீளம் தோல் உரிந்த வயருக்காக. வயர் அப்படியே இருந்தால் அதே 5 வோல்ட் லைனில் உள்ள வேறொரு சென்சார் நாளைக்கு நின்று வண்டியை நடு வளைவில் நிறுத்தும்.

வயரைச் சரிசெய்ததோடு முடிந்தது என்றும் நினைத்துவிடாதீர்கள். டிபிஎஃப் அழுத்தச் சென்சார் செத்துக் கிடந்த நாளெல்லாம் கரி எவ்வளவு சேர்ந்தது என்று ஈசிஎம்முக்குத் தெரியாது. தெரியாதபோது ரீஜெனரேஷனை, அதாவது கரியை எரிக்கும் வேலையை, நிறுத்தி வைத்துவிடும் வண்டிகள் நிறைய. உங்கள் டிபிஎஃப்பைக் கழுவி எத்தனை நாள் ஆயிற்று, அதற்குப் பிறகு எத்தனை நடை இப்படி லைட்டோடு ஓட்டினீர்கள் என்று பாருங்கள். ஸ்கேனரில் கரியின் அளவு கிராம் கணக்கில் தெரியும். அதிகமாக இருந்தால் ஸ்கேனர் வழியாக ரீஜெனரேஷன் கொடுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் எஞ்சின் ஆயில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ரீஜெனரேஷன் பாதியில் நின்று நின்று போயிருந்தால் டீசல் ஆயிலில் இறங்கும். மேல் கோட்டைத் தாண்டி, டீசல் வாடையும் அடித்தால் ஆயிலை மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

ரீஜெனரேஷன் நேரத்தில் டிபிஎஃப்புக்குள் 600 டிகிரி பக்கம் சூடு இருக்கும். வெறும் சிமென்ட் தரையில் நிறுத்திச் செய்யுங்கள். மேலே சில்வர் ஓக் சருகு குவிந்த இடத்திலோ, காபித் தோல் கொட்டிய களத்திலோ, காய்ந்த புல்லிலோ அந்தச் சூட்டோடு வண்டியை நிறுத்தவே கூடாது. மாசி, பங்குனியில் இது இன்னும் முக்கியம்.

எல்லாம் முடிந்த பிறகு கோடை அழித்துவிட்டு, வழக்கமான லோடை ஏற்றி, ஸ்கேனரை மாட்டியபடியே அடிவாரத்திலிருந்து ஏறுங்கள். ஓட்டுபவர் ரோட்டைப் பார்க்கட்டும். கிராஃபைப் பார்க்கப் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும். வெறும் வண்டியில் போய்ப் பார்ப்பதில் அர்த்தமில்லை, எஞ்சின் அவ்வளவு சாயாது. 20 வளைவும் தாண்டி இரண்டு கிராஃபும் விழாமல் போனால் நல்லது. இரண்டு மூன்று லோடு இப்படிப் போன பிறகு, எஞ்சின் ஆறியதும் பானெட்டைத் திறந்து, வேலை பார்த்த இடத்தில் ஸ்லீவைக் கையால் தடவிப் பாருங்கள். எங்காவது புதிதாகச் சொரசொரப்புத் தட்டினால் கிளிப்பை இன்னும் ஒரு விரல் தள்ளி வையுங்கள்.